நானோநச்சியல்

நானோநச்சியல் என்பது நானோபொருள்கள் மனித உடல்நலத்திலும் பிற உயிரினங்களிலும் சுற்றுச்சூழலிலும் ஏற்படுத்தக்கூடிய தீய விளைவுகளை ஆராயும் அறிவியல் துறை ஆகும். ஏதேனும் ஒரு பரிமாணத்திலாவது ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள பொருள் நானோபொருள் எனப்படும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஆகும். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் இதைப்போல் பல்லாயிரம் மடங்கு இருக்கும்.

ஒரு வேதிப்பொருள் எந்த அளவுக்கு நச்சுத்தன்மை உடையது என்பதை, அது என்ன பொருள், எவ்வளவு எடை உடலுக்குள் சென்றது ஆகிய இரு கேள்விகளைக் கொண்டே மரபான நச்சியல் முடிவு செய்து வந்தது. நானோ அளவில் இவ்விரு கேள்விகளும் போதா என்பதே இத்துறை கண்டறிந்த அடிப்படை உண்மை. பெயராலும் எடையாலும் ஒன்றேயான இரு பொருள்களுள் ஒன்று தீங்கற்றதாகவும் மற்றொன்று நுரையீரலில் புற்றுநோயைத் தூண்டுவதாகவும் இருக்கலாம். துகளின் அளவு, வடிவம், மேற்பரப்பு, உடலில் கரையாமல் நிலைத்திருக்கும் தன்மை ஆகியவை அந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றன.

பெயரும் வரையறையும்

நச்சுப் பொருள்களைப் பற்றிய துறை நச்சியல். அதனுடன் 'நானோ' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து நானோநச்சியல் ஆயிற்று. பிரித்தானிய நச்சியலாளர் கென் டொனால்ட்சனும் அவருடன் பணியாற்றியோரும் 2004ஆம் ஆண்டில் தொழில்சார் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், நானோநச்சியலை நச்சியலின் தனிக்கிளையாக வளர்க்க வேண்டும் என்று எழுதினர். அடுத்த ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குந்தர் ஓபர்டோர்ஸ்டரும் பிறரும் வெளியிட்ட விரிவான மீள்பார்வைக் கட்டுரை இப்பெயரைப் பரவலாக்கியது. இத்துறைக்கென நானோடாக்சிகாலஜி என்னும் ஆய்விதழ் 2007 முதல் வெளிவருகிறது.

நானோ அளவிலான துகள்கள் மூன்று வழிகளில் தோன்றுகின்றன.

- இயற்கையில் தோன்றுபவை: எரிமலைச் சாம்பல், காட்டுத்தீப் புகை, கடல் உப்புத் துகள்கள் முதலியன.
- தற்செயலாகத் தோன்றுபவை: டீசல் வண்டிப் புகை, உலோகப் பற்றவைப்பின்போது எழும் புகை, விறகடுப்புப் புகை முதலியன. வளிமண்டல அறிவியலில் இவை 'மீநுண் துகள்கள்' எனப்படுகின்றன.
- வேண்டுமென்றே செய்யப்படுபவை: கார்பன் நானோகுழாய்கள், நானோவெள்ளி, நானோ டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, ஃபுல்லரீன்கள், குவாண்டம் புள்ளிகள், கிராஃபீன் முதலியன.

நானோநச்சியல் பெரும்பாலும் மூன்றாம் வகையைப் பற்றியது. எனினும் அதன் அடித்தளம் இரண்டாம் வகையைப் பற்றிய ஆய்வுகளில் இடப்பட்டது.

அளவு சிறுத்தால் மாறுவன

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றின் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகும். 1 நானோமீட்டர் பக்கமுள்ளவையாக வெட்டினால் 6,000 சதுர மீட்டராகும். பொருளின் எடை சிறிதும் மாறவில்லை. ஆனால் சுற்றுப்புறத்தோடு வினைபுரியும் பரப்பு கோடிமடங்கு பெருகிவிடுகிறது.

துகளின் எண்ணிக்கையும் இவ்வாறே பெருகும். எடை மாறாமல் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், துகள்களின் எண்ணிக்கை 1,000 மடங்காகவும் மொத்த மேற்பரப்பு 10 மடங்காகவும் உயரும். துகள் சிறுக்கச் சிறுக்க, அதன் அணுக்களில் பெரும்பங்கு உட்புறத்தில் இல்லாமல் மேற்பரப்பில் அமைகின்றது. மேற்பரப்பு அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவாதலால் அவை எளிதில் வினைபுரிகின்றன. நல்ல வினையூக்கியாகவும் நிறமியாகவும் மருந்தேற்றியாகவும் நானோபொருள் பயன்படுவதற்குக் காரணமான அதே பண்புதான் அதன் பாதுகாப்பைப் பற்றிய ஐயத்துக்கும் காரணம்.

வரலாறு

மீநுண் துகள் ஆய்வுகள்

டைட்டானியம் டை ஆக்சைடு வண்ணப்பூச்சு, காகிதம், பற்பசை முதலியவற்றில் பயன்படும் வெண்ணிற நிறமி. நீண்டகாலம் இது உடலுக்குள் சென்றாலும் வினைபுரியாத 'செயலற்ற தூசி' என்றே கருதப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் ஓபர்டோர்ஸ்டர், யூராஜ் ஃபெரின் ஆகியோர் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களையும் ஏறத்தாழ 250 நானோமீட்டர் அளவுள்ள துகள்களையும் தனித்தனியே எலிகளைச் சுவாசிக்கச் செய்தனர். காற்றில் இருந்த எடை ஏறக்குறைய ஒன்றாயிருந்தும், சிறிய துகள்களைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் அழற்சி மிகுதியாக இருந்தது. சிறிய துகள்கள் நுரையீரலை விட்டு அகலவும் நீண்டகாலம் ஆயிற்று.

முடிவுகளை எடைக்குப் பதிலாகத் துகள்களின் மொத்த மேற்பரப்பைக் கொண்டு வரைபடமாக்கியபோது, இருவகைத் துகள்களின் விளைவுகளும் ஒரே கோட்டில் அமைந்தன. நுரையீரல் துகளின் எடையை உணர்வதில்லை, அதன் மேற்பரப்பையே உணர்கிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. பணியிடக் காற்றின் தூசியை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து வந்த முறையின் மீது இது கேள்வி எழுப்பியது.

துறையின் தோற்றம்

ஃபுல்லரீன் 1985ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய இயற்பியலாளர் சுமியோ ஈஜிமா கார்பன் நானோகுழாய்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னர் அவற்றில் ஆர்வம் பெருகியது. ஐக்கிய அமெரிக்கா தன் தேசிய நானோதொழில்நுட்ப முன்முயற்சியை 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. பல நாடுகள் அதைப் பின்பற்றிப் பெருந்தொகை ஒதுக்கின. பாதுகாப்பு ஆய்வுக்குக் கிடைத்த பங்கு அவற்றில் மிகச் சிறிதே.

ரைஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் விக்கி கால்வின் 2003ஆம் ஆண்டில் இக்குறையை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் கனடாவைச் சேர்ந்த ஈடிசி குழு என்னும் அமைப்பு, பாதுகாப்பு விதிகள் உருவாகும் வரை செயற்கை நானோபொருள்களின் உற்பத்தியை நிறுத்திவைக்க வேண்டும் என்று கோரியது. பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்படி அரச கழகமும் அரச பொறியியல் கழகமும் ஆராய்ந்து, 2004 ஜூலையில் அறிக்கை வெளியிட்டன. ஒட்டுமொத்தத் தடை தேவையில்லை என்று அவ்வறிக்கை கூறியது. ஆனால், ஏற்கெனவே பழக்கத்திலுள்ள பொருளேயாயினும் அது நானோதுகளாகவோ நானோகுழாயாகவோ அமையும்போது புதுப்பொருளாகக் கருதிச் சோதிக்கப்பட வேண்டும் என்றும், தொழிற்சாலைகளும் ஆய்வகங்களும் அவற்றைத் தீங்கானவை என்று கொண்டே கையாள வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

பொருளாதாரக் கூட்டுறவுக்கும் வளர்ச்சிக்குமான அமைப்பு 2006ஆம் ஆண்டில் செயற்கை நானோபொருள்களுக்கான பணிக்குழுவை அமைத்தது. அதன் மேற்பார்வையில் உறுப்பு நாடுகள் முதன்மையான நானோபொருள்களைப் பங்கிட்டுக்கொண்டு சோதித்தன. அனைத்துலகச் சீர்தர அமைப்பின் நானோதொழில்நுட்பக் குழு 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

உடலுக்குள் நுழையும் வழிகள்

மூச்சு

சுவாசிக்கும் காற்றே முதன்மையான வழி. நானோபொருளைத் தூளாகக் கையாளும் தொழிலாளர்களே இவ்வழியில் முதலில் ஆட்படுகின்றனர். துகள் எங்குப் படியும் என்பது அதன் அளவைப் பொறுத்தது. 1 நானோமீட்டர் துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். 20 நானோமீட்டர் துகள்களில் ஏறத்தாழப் பாதி, ஆக்சிசன் குருதியில் கலக்கும் காற்று நுண்ணறைகள் வரை சென்று படியும்.

அங்கிருந்து மிகச் சிறிய துகள்கள் குருதியில் கலக்கக்கூடும். 2017ஆம் ஆண்டில் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வில், தன்னார்வலர்கள் தீங்கற்ற தங்க நானோதுகள்களைச் சுவாசித்தனர். சிலரின் குருதியில் 15 நிமிடங்களுக்குள்ளாகவே தங்கம் தென்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின்னரும் குருதியிலும் சிறுநீரிலும் அது கண்டறியப்பட்டது. மூக்கின் மணநரம்பு மற்றொரு பாதை. கார்பன் நானோதுகள்களைச் சுவாசித்த எலிகளின் மூளையில், மணத்தை உணரும் பகுதியில் அத்துகள்கள் சேர்ந்திருப்பதை 2004ஆம் ஆண்டில் ஓபர்டோர்ஸ்டர் குழுவினர் காட்டினர்.

தோல்

வெயில்காப்புக் களிம்புகளில் டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் நானோதுகள்களாகச் சேர்க்கப்படுகின்றன. அவை புறஊதாக் கதிரைத் தடுக்கும். அளவில் சிறியவையாதலால் தோலில் வெண்மையாகத் தெரியா. நலமான தோலின் வெளிப்புறக் கொம்புப் படலத்தைத் தாண்டி இத்துகள்கள் செல்வதில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவில் கடற்கரையில் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், களிம்பிலிருந்த துத்தநாகத்தில் மிகச் சிறிய பங்கு குருதியை அடைந்தது தெரிந்தது. அது துகளாகச் சென்றதா, கரைந்து அயனியாகச் சென்றதா என்பதை அந்த முறையால் பிரித்தறிய இயலவில்லை. களிம்பைத் தோலில் பூசுவதும், அதே பொருளைத் தெளிப்பானாக அடித்துச் சுவாசிப்பதும் பாதுகாப்பில் ஒன்றல்ல.

உணவு

உணவுக்கு வெண்மையூட்டும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒரு பகுதி நானோ அளவுத் துகள்களாக இருக்கும். உட்கொள்வதில் மிகப் பெரும்பகுதி குடலைக் கடந்து வெளியேறிவிடுகிறது. சிறு பங்கு மட்டுமே உடலுக்குள் ஈர்க்கப்படுகிறது. நாள்தோறும் உண்ணும்போது அச்சிறு பங்கு சேர்ந்து நிலைத்துவிடுமா என்பதே கேள்வி.

நச்சுத்தன்மையைத் தீர்மானிக்கும் பண்புகள்

- அளவும் மேற்பரப்பும்: மேலே விளக்கப்பட்டது.
- வடிவம்: உருண்டைத் துகளும் ஊசி போன்ற இழையும் ஒரே பொருளாலானவையாயினும் உயிரணுக்கள் அவற்றை ஒரே விதமாக எதிர்கொள்வதில்லை.
- கரைதிறன்: துத்தநாக ஆக்சைடு உடல் நீர்மங்களில் கரைந்து துத்தநாக அயனிகளை வெளியிடுகிறது. அதன் நச்சுத்தன்மைக்குப் பெரும்பாலும் அயனிகளே காரணம். கரையாத துகளோ நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கலாம்.
- மேற்பூச்சு: காட்மியம் செலினைடாலான குவாண்டம் புள்ளிகள் காட்மிய அயனிகளை வெளியிட்டு உயிரணுக்களைக் கொல்வதையும், துத்தநாக சல்ஃபைடு மேற்பூச்சு அதைக் குறைப்பதையும் 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.
- ஆக்சிசனேற்ற அழுத்தம்: பல நானோதுகள்களின் மேற்பரப்பில் வினைமிகு ஆக்சிசன் மூலக்கூறுகள் உருவாகின்றன. இவை மிகும்போது உயிரணுவின் தற்காப்பு தளர்ந்து அழற்சியும் உயிரணு இறப்பும் நேர்கின்றன.
- புரத உறை: குருதியிலோ நுரையீரல் நீர்மத்திலோ கலந்த துகளின் மீது உடனே புரதங்கள் படிந்து உறையாகின்றன. உயிரணு சந்திப்பது ஆய்வகத்தில் செய்த துகளை அன்று, இவ்வுறையணிந்த துகளையே. டப்ளினில் கென்னத் டாசன், சாரா லின்சு ஆகியோர் இடம்பெற்ற குழு 2007ஆம் ஆண்டில் இதை விளக்கியது.

நானோபொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கானதாகிவிடாது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் 2020ஆம் ஆண்டு முதல் கோடிக்கணக்கானோருக்குச் செலுத்தப்பட்ட தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளில் மருந்தைச் சுமந்து சென்றவை கொழுப்பு நானோதுகள்களே. உடலில் சிதைந்து மறையும் வகையில் அவை வடிவமைக்கப்பட்டவை.

கார்பன் நானோகுழாய்களும் கல்நாரும்

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டதும் மிகுந்த கவலையை எழுப்பியதும் கார்பன் நானோகுழாயே. எஃகினும் வலிமையும் அலுமினியத்தினும் குறைந்த எடையும் கொண்டதாதலால் மின்கலங்கள், வானூர்திப் பாகங்கள், விளையாட்டுக் கருவிகள் எனப் பலவற்றில் இது பயன்படுகிறது. மெல்லிய, நீண்ட, அழியாத இழை என்ற அதன் தோற்றம் கல்நாரை நினைவூட்டுகிறது.

கல்நாரின் தீங்கைப் பிரித்தானியத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் 1898ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். 1960ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வு, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயைக் கல்நாரோடு தொடர்புபடுத்தியது. ஆயினும் பிரித்தானியா எஞ்சியிருந்த வெண்கல்நாரைத் தடைசெய்தது 1999ஆம் ஆண்டில்தான். முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே நூறாண்டு கடந்தது. இந்நோய் தோன்ற முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆவதுண்டு. ஆகவே ஒரு புதிய இழை தீங்கானதா என்பதைத் தொழிலாளர்களின் நோயைக் கொண்டு அறியக் காத்திருக்கலாகாது என்பதே கல்நார் கற்பித்த பாடம்.

பெருவிழுங்கணுக்கள் என்னும் உயிரணுக்கள் நுரையீரலுக்குள் வரும் அயற்பொருள்களை விழுங்கி அகற்றுகின்றன. ஓர் இழை அவ்வுயிரணுவை விட நீளமாயிருந்தால் முழுவதும் விழுங்க இயலாது. பாதி விழுங்கிய நிலையில் உயிரணு அழற்சியூட்டும் வேதிப்பொருள்களை வெளியிட்டவாறே இருக்கும். இழை கரையாததாயின் இது ஆண்டுக்கணக்கில் தொடரும். எனவே மெல்லியதாகவும் நீளமாகவும் உடலில் நிலைத்திருப்பதாகவும் உள்ள இழையே ஆபத்தானது என்பது இழை நச்சியலின் விதி.

கார்பன் நானோகுழாய்களைப் பற்றிய முதன்மை ஆய்வுகள் வருமாறு:

- 2004: அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் எலிகளின் நுரையீரலில் ஒற்றைச்சுவர் நானோகுழாய்களைச் செலுத்தியபோது சிறுமணி போன்ற அழற்சி முடிச்சுகள் உருவாயின. அதே நேரத்தில் வெளியான மற்றோர் ஆய்விலும் முடிச்சுகள் தோன்றின. அதில் சில எலிகள் இறந்தன. எனினும் இறப்புக்குக் காரணம் நச்சன்று, கட்டியாகத் திரண்ட குழாய்கள் மூச்சுப்பாதையை அடைத்ததே ஆகும்.
- 2008: எடின்பரோவில் டொனால்ட்சன் குழுவினர், நீண்ட பலசுவர் நானோகுழாய்கள் எலிகளின் வயிற்றறை உறையில் கல்நாரைப் போன்றே அழற்சியை உண்டாக்கியதைக் கண்டனர். குட்டையானவையும் சுருண்டு பந்தானவையும் அவ்வாறு செய்யவில்லை. அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வொன்று, புற்றுநோய்க்கு எளிதில் ஆட்படும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் நானோகுழாய் மீசோதீலியோமாவை உண்டாக்கியதாக அறிவித்தது.
- 2014: பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, எம்டபிள்யூசிஎன்டி-7 என்னும் குறிப்பிட்ட பலசுவர் நானோகுழாயை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. பிற நானோகுழாய்களைப் போதிய சான்றில்லாத 3ஆம் பிரிவில் வைத்தது.
- 2016: எம்டபிள்யூசிஎன்டி-7ஐ இரண்டாண்டுகள் சுவாசித்த எலிகளில் நுரையீரல் புற்றுநோய் மிகுந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளால் 'கார்பன் நானோகுழாய் தீங்கானதா?' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்கவில்லை. எவ்வகைக் குழாய், எவ்வளவு நீளம், எவ்வளவு விறைப்பு என்று கேட்டாலன்றி விடை கூற இயலாது என்பது தெளிவாயிற்று. குழாய்களைக் குட்டையாகவோ சுருள்பவையாகவோ செய்து தீங்கைக் குறைக்கலாம் என்ற வழியும் இதனால் புலப்பட்டது. இது 'வடிவமைப்பிலேயே பாதுகாப்பு' எனப்படுகிறது.

சுற்றுச்சூழலில் நானோபொருள்கள்

நுண்ணுயிர்களைக் கொல்லும் இயல்பினால் நானோவெள்ளி காலுறை, ஆடை, காயக்கட்டு, உணவுப் பெட்டி முதலியவற்றில் சேர்க்கப்படுகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராய் பென், பால் வெஸ்டர்ஹாஃப் ஆகியோர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கடையில் வாங்கிய வெள்ளி சேர்த்த காலுறைகளை நீரில் அலசிச் சோதித்தனர். சில காலுறைகள் சில சலவைகளிலேயே ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் இழந்தன. வேறு சில சிறிதும் இழக்கவில்லை. ஒரே பயன்பாட்டுக்கான பொருள்களிடையிலும் தயாரிப்பு முறையால் இவ்வளவு வேறுபாடு இருந்தது.

கழிவுநீரில் சேர்ந்த வெள்ளி அப்படியே நிலைப்பதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அதன் பெரும்பகுதி கந்தகத்துடன் சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. இது நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் நச்சுத்தன்மையும் குறைகிறது. பின்னர் இது சகதியில் தங்கி, சகதியை உரமாக இடும் நாடுகளில் நிலத்தை அடைகிறது. இதனால், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பொருளை மட்டும் சோதித்தல் போதாது, சூழலில் அது எவ்வாறு உருமாறுகிறது என்பதையும் அறிய வேண்டும் என்பது உணரப்பட்டது. டியூக் பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு மையம் இதற்கெனத் திறந்தவெளியில் சிறு சதுப்புநிலங்களை அமைத்துச் சோதித்தது.

களஅளவீடு இன்றும் கடினமானது. மண்ணிலும் ஆற்றிலும் இயற்கையான டைட்டானியத் துகள்கள் ஏராளம். அவற்றிடையே தொழிற்சாலைத் துகளைப் பிரித்தறிவது எளிதன்று. எனவே சூழலிலுள்ள அளவுகள் பெரும்பாலும் உற்பத்தி விவரங்களைக் கொண்டு கணினி மாதிரிகளால் மதிப்பிடப்படுகின்றன.

ஆய்வு முறைகளும் சிக்கல்களும்

தொடக்கக்கால முடிவுகள் சில பின்னர் திருத்தம் பெற்றன. 2004ஆம் ஆண்டில் ஃபுல்லரீன் கலந்த நீரிலிருந்த மீன்களின் மூளையில் ஆக்சிசனேற்றச் சேதம் காணப்பட்டதாக வெளியான செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஃபுல்லரீனை நீரில் கலப்பதற்குப் பயன்படுத்தப்பட்ட டெட்ராஹைட்ரோஃபியூரான் என்னும் கரைப்பானின் எச்சங்களே இத்தகைய விளைவுகளுக்குக் காரணமாகலாம் என்று 2007ஆம் ஆண்டில் வரிக்குதிரை மீன்களில் செய்த ஆய்வு காட்டியது. அதன் பின்னர் கரைப்பானை மட்டும் தனியே சோதித்து ஒப்பிடுதல் கட்டாயமாகக் கருதப்படுகிறது.

2006 மார்ச்சில் ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்னும் துப்புரவுத் தெளிப்பானைப் பயன்படுத்திய ஏறத்தாழ நூறு பேர் மூச்சுத் திணறலுக்கு உள்ளாயினர். நானோதொழில்நுட்பத்தின் முதல் விபத்து என்று செய்தித்தாள்கள் எழுதின. சோதித்தபோது அத்தெளிப்பானில் நானோதுகள்களே இல்லை என்பது தெரியவந்தது.

2009ஆம் ஆண்டில் வெளியான சீன மருத்துவ அறிக்கை இதனினும் துயரமானது. அச்சுப் பணியகம் ஒன்றில் பாலிஅக்ரிலேட்டு கலவையைத் தெளிக்கும் வேலையைச் செய்த ஏழு பெண்கள் கடுமையான நுரையீரல் நோயுற்றனர். அவர்களுள் இருவர் இறந்தனர். அவர்களின் நுரையீரல் திசுவில் ஏறத்தாழ 30 நானோமீட்டர் துகள்கள் காணப்பட்டன. அவ்வறையில் காற்று வெளியேற்றி பழுதாகியிருந்தது, கதவு மூடியிருந்தது. பணியிடக் காற்றில் துகள்களின் அளவு அளக்கப்படவில்லை. ஆதலால் நோய்க்குக் காரணம் நானோதுகளா, கலவையிலிருந்த வேறு வேதிப்பொருளா என்பதை உறுதிசெய்ய இயலாது என்று பல அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். காரணம் எதுவாயினும், காற்றோட்டமும் தக்க மூச்சுக்காப்பும் இருந்திருந்தால் அப்பெண்கள் அவ்வளவு ஆட்பட்டிருக்க மாட்டார்கள் என்பதில் கருத்து வேறுபாடில்லை.

மனிதர்களிடம் நேரடியாகச் செய்யப்படும் ஆய்வுகள் மிகக் குறைவு. 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 14 தன்னார்வலர்கள் மிகத் தூய்மையான கிராஃபீன் ஆக்சைடைக் குறுகிய நேரம் சுவாசித்தனர். நுரையீரலிலோ இதயச் செயல்பாட்டிலோ உடனடித் தீங்கு காணப்படவில்லை. நீண்டகால விளைவை இவ்வகை ஆய்வு காட்டாது.

தொழிலிடப் பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 2004ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி ஆய்வு மையத்தை அமைத்தது. அதன் பரிந்துரை வரம்புகள், ஒரு கன மீட்டர் காற்றுக்கு, வருமாறு:

- டைட்டானியம் டை ஆக்சைடு (2011): பெரிய துகள்களுக்கு 2.4 மில்லிகிராம், மீநுண் துகள்களுக்கு 0.3 மில்லிகிராம்.
- கார்பன் நானோகுழாய், நானோஇழை (2013): 1 மைக்ரோகிராம்.
- நானோவெள்ளி (2021): 0.9 மைக்ரோகிராம்.

ஒரே டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் துகள் அளவைப் பொறுத்து எட்டு மடங்கு வேறுபட்ட வரம்புகள் தரப்பட்டிருப்பது, முன்பு கூறிய எலி ஆய்வுகளின் நேரடி விளைவாகும். இவை பரிந்துரைகளே, சட்டம் அல்ல.

தூளாகக் கையாளுவதைத் தவிர்த்து நீர்மத்தில் கலந்து பயன்படுத்துதல், மூடிய கலன்களில் வேலை செய்தல், காற்றை உறிஞ்சி வடிகட்டும் அமைப்பு, தக்க முகமூடி ஆகியவை இவ்வரிசையிலேயே முதன்மை பெறும் காப்பு முறைகள். நுண்துகள் வடிகட்டிகள் நானோதுகள்களைப் பிடிக்காமல் விட்டுவிடும் என்ற எண்ணம் தவறானது. மிகச் சிறிய துகள்கள் காற்று மூலக்கூறுகளால் மோதப்பட்டு அலைவதால் வடிகட்டியின் இழைகளில் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. பிடிப்பதற்குக் கடினமானவை ஏறத்தாழ 100 முதல் 300 நானோமீட்டர் வரையிலான துகள்களே.

சட்டங்களும் ஒழுங்குமுறைகளும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலை முதல் அழகுசாதனப் பொருள்களின் உள்ளடக்கப் பட்டியலில் நானோபொருளின் பெயருக்குப் பின் 'நானோ' என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிட வேண்டும். 2014 டிசம்பர் முதல் உணவுப் பொருள்களுக்கும் இவ்விதி வந்தது. பிரான்சு 2013ஆம் ஆண்டிலிருந்து நானோபொருள் உற்பத்தியையும் இறக்குமதியையும் ஆண்டுதோறும் அரசுக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. ஒன்றியத்தின் வேதிப்பொருள் பதிவுச் சட்டத்தில் நானோ வடிவங்களுக்கான தனித் தேவைகள் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டின் விதி, உற்பத்தியாளர்கள் தம்மிடமுள்ள விவரங்களை ஒருமுறை அறிவிக்க வேண்டும் என்றது.

உணவு நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடைப் (ஈ171) பற்றிய முடிவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. 2017ஆம் ஆண்டில் பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனம் எலிகளின் குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டதாக வெளியிட்டது. பிரான்சு 2020ஆம் ஆண்டில் இதைத் தடைசெய்தது. மரபணுவுக்குத் தீங்கு விளைவிக்கும் வாய்ப்பை மறுக்க இயலாததால் பாதுகாப்பானது என்று கூற முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதத்தில் அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டாக நடத்தும் வல்லுநர் குழுவோ, 2023ஆம் ஆண்டில் அதே சான்றுகளை ஆராய்ந்து வரம்பு எதுவும் தேவையில்லை என்ற தன் பழைய நிலையை உறுதி செய்தது.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டில் நானோ இயக்கம் தொடங்கப்பட்டது. நானோமருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்கள் 2019ஆம் ஆண்டிலும், நானோ அடிப்படையிலான வேளாண் இடுபொருள்களுக்கும் உணவுப் பொருள்களுக்குமான வழிகாட்டுதல்கள் 2020ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. 2021ஆம் ஆண்டில் நானோ யூரியா உரக்கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அனுமதிக்கப்பட்டது. இலக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் நானோபொருள்களின் பாதுகாப்பை ஆராயும் நிறுவனங்களுள் ஒன்றாகும்.

விவாதங்கள்

2019ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த கெம்செக் என்னும் அமைப்பு, பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டிய வேதிப்பொருள்களின் பட்டியலில் கார்பன் நானோகுழாய்கள் அனைத்தையும் சேர்த்தது. பல வகைப்பட்ட பொருள்களை ஒரே பெயர் கொண்டு தள்ளுவது அறிவியலுக்கு ஒவ்வாது என்று ஆய்வாளர்கள் பலர் 2020ஆம் ஆண்டில் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒவ்வொரு வகையையும் தனித்தனியே சோதித்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவரை தொழிலாளர்களைக் காப்பது எவ்வாறு என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக, ஒத்த பண்புள்ளவற்றை ஒரு தொகுதியாக்கி மதிப்பிடும் முறை வளர்ந்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் இடர் மதிப்பீட்டுக் குழு, குறைந்தது 30 நானோமீட்டர் விட்டமும் 5 மைக்ரோமீட்டர் நீளமும் கொண்ட பலசுவர்க் குழாய்களைச் சுவாசித்தால் புற்றுநோய் உண்டாக்குபவையாக வகைப்படுத்தப் பரிந்துரைத்தது. பொருளின் பெயரை மட்டுமன்றி அதன் வடிவ அளவையும் கொண்டு அமைந்த வகைப்பாடு இது.

நுகர்வோருக்குத் தகவல் கிடைப்பதும் தீராத சிக்கலாக உள்ளது. நானோ என்று விளம்பரம் செய்யப்படும் பொருள்களின் பட்டியல் ஒன்றை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை 1,814 பொருள்களைக் கணக்கிட்டது. அவற்றுள் நானோவெள்ளி சேர்ந்தவையே மிகுதி. ஏறத்தாழப் பாதிப் பொருள்களில், எந்த நானோபொருள் சேர்க்கப்பட்டுள்ளது என்ற விவரமே தரப்படவில்லை. என்ன பொருள் என்பது தெரியாதவிடத்து, அதன் அளவையும் வடிவத்தையும் கரைதிறனையும் பற்றிக் கேட்கவும் வழியில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- நானோதொழில்நுட்பம்
- கார்பன் நானோகுழாய்
- ஃபுல்லரீன்
- கல்நார்
- நச்சியல்
- காற்று மாசடைதல்
- தொழில்சார் நோய்கள்